குமரி மலைகளில் நண்பர்களோடு ஒரு நாள் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறை பக்கம் நடக்கப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். உச்சியைத் தொட்டே ஆக வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு இதில் அதிகம் இல்லை. ஓடைக்கரையில் பொதிச்சோற்றை அவிழ்த்து, பேசிச் சிரித்துவிட்டு, இருட்டுமுன் கீழே வந்து சாயா குடிக்க நினைக்கும் கூட்டத்துக்காக எழுதியது.

நாங்க அஞ்சாறு பேரு. இதுவரை மலை ஏறினதே இல்ல. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

முதலில் சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து 7 கிலோமீட்டர். கல் பாவிய பாதையில் சாவகாசமாக ஏறினாலும் அரை மணியில் மேலே போய்விடலாம். பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள், குகைக் கோயில், பக்கத்தில் ஒரு சுனை. 9-ஆம் நூற்றாண்டின் சமணத் தலம். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் தண்ணீர் எடுத்து வர மறக்கிறார்கள் என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது பொற்றையடி பக்கம் இருக்கும் மருந்துவாழ் மலை. ஸ்ரீநாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை இதில்தான். நிழல் குறைவு, மேலே போகப் போக வெறும் பாறை. ஆகவே விடியுமுன் அடிவாரத்தில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்குப் பாறை சூடேறத் தொடங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேலே காற்று ஆளைத் தள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்கு பறித்துவிடும். இந்த இரண்டும் முடித்த பிறகு காளிகேசம், உலக்கை அருவி போன்ற ஈரக்காட்டுக்குப் போவது நல்லது.

நம்ம ஊரு மலைக்குப் போவதுக்கு யாருட்ட அனுமதி கேட்கணும்?

வனத்துறையிடம். மாவட்டத்தின் மலைக்காட்டில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு, அந்த ஆண்டிலேயே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. "பத்து வருஷத்துக்கு முன்ன நாங்க போனோமே, யாரும் கேட்கல" என்று சொல்கிறவரின் பேச்சை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இப்போது வழி இரண்டு. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில், மாநிலம் முழுக்கத் திறந்திருக்கும் பாதைகளுக்கு முன்பதிவு செய்யலாம். நம் மாவட்டத்தில் நீங்கள் போகும் நாளில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை அதிலேயே பாருங்கள். அதில் இல்லாத இடமென்றால் நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாருடைய பெயர், வயது, அடையாள அட்டை நகல், நாள், பாதை, வீட்டுத் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு வாரம் முன்பே கொடுங்கள். பதில் 'இல்லை' என்றால் இல்லைதான். சோதனைச் சாவடியில் பேசிச் சமாளிக்கலாம் என்று போனால் ஒரு நாள் வீணாகும், அபராதமும் சேரும்.

எந்த மாசம் நல்லது?

டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இரண்டும் ஓய்ந்து, ஓடையில் தண்ணீர் வற்றாமலும் பாதையில் சேறு குறைந்தும் இருக்கிற இடைவெளி இது. காலையில் குளிரும், எட்டு மணிக்கு மேல் இதமான வெயில்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீ அபாயத்தால் பாதைகளை மூடுவது வழக்கம். அதற்குப் பிறகு மே வரை கோடை மழை. பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். போனாலும் இரண்டு மணிக்குள் திரும்பிவிடுவதுபோல் திட்டமிடுங்கள். நவம்பரில் தாழ்வு மண்டலம் என்று வானிலை அறிக்கை சொன்னால் யோசிக்காமல் தள்ளிப் போடுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எத்தனை பேர் போனா சரியா இருக்கும்?

நாலிலிருந்து எட்டு. நாலு ஏன் என்றால், ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் துணைக்கு இருக்க, இரண்டு பேர் உதவிக்குப் போகலாம். எட்டுக்கு மேல் போனால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும், பேச்சும் பிரிந்துவிடும்.

ஷூ வாங்கணுமா? செருப்பு போட்டா என்ன?

சிதறாலுக்குச் செருப்பே போதும். ஈரக்காட்டில் பாசி படிந்த பாறையும் வேரும்தான் எதிரி. அடியில் ஆழமான வெட்டுகள் உள்ள ரப்பர் அடிப்பாகம் வேண்டும். ஓட்டப் பயிற்சிக்கான வழவழப்பான ஷூ அங்கே வழுக்கும். புது ஷூவை அன்றைக்கே போட்டுக்கொண்டு வரக்கூடாது. இரண்டு வாரம் தெருவில் நடந்து பழக்குங்கள். முந்தின நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் நகம் ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துப்போகும். சாக்ஸ் இரண்டு சோடி.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, தொடையை உரசிப் புண்ணாக்கும். உரசல் வருகிறவர்கள் கிளம்புமுன்பே தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் மத்தியானம் கால் அகட்டி நடக்க வேண்டி வராது.

பையில என்னெல்லாம் வைக்கணும்?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு துவர்த்து (துண்டு), மாற்றுச் சட்டை, மழைக்கோட்டு, டார்ச், விசில். குடை ஈரக்காட்டில் ஒவ்வொரு கொடியிலும் சிக்கும், வீட்டிலேயே இருக்கட்டும். டார்ச் பகல் நடைக்கு எதற்கு என்று கேட்பார்கள். சூரியன் மறைய ஆறு மணிக்கு மேல் ஆனாலும் மரக்கூரைக்குக் கீழே ஐந்தரைக்கே பாதை தெரியாது. அப்போது செல்போன் வெளிச்சத்தை நம்பினால் பேட்டரி தீரும், ஒரு கையும் மாட்டிக்கொள்ளும்.

கூட்டத்துக்குப் பொதுவாக: கட்டுத்துணி, பஞ்சு, கிருமிநாசினி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆறு, கால் கிலோ கல்லுப்பு, பத்து மீட்டர் கயிறு, ஒரு கத்தி, குப்பை போட ஒரு கெட்டியான சாக்குப்பை. உள்ளே வைக்கும் துணிகளைப் பெரிய பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுருட்டி வையுங்கள். 'நீர் புகாது' என்று எழுதிய பைக்குள்ளும் நம் மழை புகும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்ய? அங்கேயே அடுப்பு கூட்டிச் சமைக்கலாமா?

காட்டுக்குள் தீ மூட்டக்கூடாது. எந்த மாதமானாலும், ஓடைக்கரைப் பாறை மேலானாலும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, நமக்குத்தான் பொதிச்சோறு இருக்கிறதே. காட்டு நடையின் பாதி சுகம் அந்தப் பொதியை அவிழ்க்கிற நேரத்தில் இருக்கிறது.

முழு வாழையிலையின் நடுநரம்பை முதுகுப்பக்கம் சீவி மெல்லியதாக்கி, அடுப்புத் தணலில் இரண்டு பக்கமும் காட்டி வாட்ட வேண்டும். இலை கரும்பச்சையாகிப் பளபளக்கும்போது எடுத்துவிடலாம். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். சோறு வடித்ததும் ஐந்து நிமிடம் அகலமான தட்டில் ஆறவிட்டு, ஆவி அடங்கி, சூடு மட்டும் இருக்கும்போது இலையில் வையுங்கள். ஆவியோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பதினோரு மணிக்கே நீர் விட்டுப்போகும். கூட வைப்பது எல்லாம் வறண்டதாக இருக்கட்டும்: வறுத்த தேங்காய்ச் சம்மந்தி (துவையல்), பொரித்த நெத்திலிக் கருவாடு, முட்டை, பயறு தோரன் (பொரியல்) என்றால் தேங்காய் குறைவாக. வெளியே இன்னொரு இலை, அதற்கு மேல் காகிதம், வாழைநார்க் கட்டு.

கெட்டுப்போவது எப்போதும் தேங்காயால்தான். பச்சைத் தேங்காய் அரைத்தது நாலைந்து மணி நேரத்தில் புளிக்கும். சம்மந்திக்குத் தேங்காயைச் செந்நிறமாகும்வரை வறுத்து, காந்தாரி மிளகாய், புளி, உப்பு சேர்த்து, தண்ணீர் தொடாமல் இடித்தால் மாலைவரை நிற்கும். அவியல், மோர்க்குழம்பு வேண்டாம். எது எப்படியானாலும் பொதியை ஒரு மணிக்குள் காலி செய்யுங்கள்.

நடந்துகொண்டே தின்ன மட்டிப்பழம், முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ், கருப்பட்டித் துண்டு. மட்டிப்பழம் பைக்குள் நசுங்கும் என்பதால் டிபன் டப்பாவில் வையுங்கள். பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வருகிறவருக்குக் கூட்டத்தில் தனி மரியாதை உண்டு. பழத்தோல், முட்டை ஓடு, இலை எல்லாம் மக்கும் என்று அங்கேயே எறிய வேண்டாம். குரங்கும் பன்றியும் அந்த இடத்துக்குப் பழகிவிடும், அடுத்து வருகிறவர்களின் பையைத் தேடும். முன்னே சொன்ன சாக்குப்பை இதற்குத்தான்.

ஓடைத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, குடிச்சா என்ன?

முகம் கழுவுங்கள், குடிக்க வேண்டாம். மேலே ரப்பர், கிராம்பு, ஏலத் தோட்டங்கள் இருக்கின்றன. மருந்து அடித்தால் வழிந்து ஓடையில்தான் சேரும். யானையும் காட்டுமாடும் அதே ஓடையில்தான் இறங்கும். குளோரின் மாத்திரை கிருமியைக் கொல்லும், பூச்சிமருந்தை ஒன்றும் செய்யாது. கொண்டு வந்த இரண்டு லிட்டரில் அரை லிட்டரைத் திரும்பும் வழிக்கென்று தொடாமல் வைத்தால் போதும்.

அட்டையை நினைச்சாலே வயித்தக் கலக்குது. ஒண்ணும் கடிக்காம இருக்க வழி உண்டா?

மழைக்குப் பிறகு ஈரக்காட்டில் ஒன்றுமே கடிக்காமல் வருவது நடக்காது. குறைக்கலாம். பேண்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகி, சாக்ஸின் மேல் உப்புக் கரைசலோ புகையிலை ஊறவைத்த நீரோ தெளித்துக் காயவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெயில் உப்பு குழைத்துத் தடவுவதும் வேலை செய்யும், ஆனால் ஓடையில் கால் வைத்ததும் போய்விடும். தோட்டத் தொழிலாளர்களின் வழி இதைவிடச் சுலபம்: கல்லுப்பைத் துணியில் முடிந்து ஒரு கம்பின் நுனியில் கட்டி, நனைத்துக் கையில் வைத்துக்கொள்வது. ஷூ மேல் ஏறும் அட்டையை அதால் ஒரு ஒற்று ஒற்றினால் சுருண்டு விழும்.

அட்டை அதிகம் இருப்பது இலைச்சருகு குவிந்த நிழலில். நின்று போட்டோ எடுக்கிற இடம் அதுவாக இருக்கக்கூடாது. ஓய்வெடுக்க வெயில் படும் பாறையைத் தேடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் காலை இன்னொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடித்துக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்க வேண்டாம். ஒல்லியான முனைதான் வாய். அந்த இடத்தில் தோலை ஒட்டி நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும், பிறகு தடித்த முனையை விடுவித்து எறியுங்கள். ஏற்கெனவே ஒட்டிய அட்டைக்குத் தீக்குச்சியும் உப்பும் வேண்டாம். அது குடித்ததைக் காயத்துக்குள் கக்கிவிடும், சீழ் பிடிக்க வாய்ப்புண்டு. எடுத்த பிறகும் ரத்தம் ஒழுகிக்கொண்டே இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க அட்டை விட்ட சுரப்பு அது. கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டுங்கள். இரண்டு நாள் அரிக்கும். வலி என்று ஒன்று இல்லவே இல்லை, பயம்தான் பெரிசு.

ஆத்துல இறங்கிக் குளிக்கலாம்தானே? அதுக்குத்தானே வாறோம்!

குளிக்கலாம், வழிகாட்டி கைகாட்டும் இடத்தில். இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். அருவிக்கு நேர் கீழே உள்ள ஆழமான கயத்தில் இறங்கவே கூடாது. அடியில் பாறை குடைந்து சுழல் இருக்கும். தலைகீழாகக் குதிப்பதும் கூடாது.

ஆபத்து உங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழையில் இல்லை, மேலே மலையில் பெய்யும் மழையில். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் கலங்கத் தொடங்குவது, சருகும் சுள்ளியும் திடீரென மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, மண்வாசம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் துணியைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள். ஓடையோடு கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஏற வேண்டும். எல்லாரும் ஒரே கரையில் இருப்பதும் முக்கியம். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரைக் கடக்காதீர்கள், வடியக் காத்திருங்கள். திற்பரப்பு அருவியில் குளிப்பதானால் பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள். திறந்தால் கோதையாற்றில் தண்ணீர் பெருகும், அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள்.

ஒருத்தன் பறக்கான், ஒருத்தி மெதுவா வாறா. கூட்டத்துல சண்டை வராம நடக்கறது எப்படி?

மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்து இரண்டாவதாக விடுங்கள். வேகக்காரர் கடைசியில் வரட்டும், அவர் கையில் மருந்துப் பை இருக்கட்டும். பொதுவாக நடப்பது என்னவென்றால், வேகமாகப் போனவர்கள் முன்னே உட்கார்ந்து இளைப்பாறுவார்கள், மெதுவானவர் வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்புவோம்" என்று எழுவார்கள். ஓய்வு வேண்டியவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பத்து நிமிடம் கணக்கு தொடங்க வேண்டும். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் எல்லாரும் சேரும்வரை நிற்க வேண்டும்.

ஈரக்காட்டில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி மூன்று மணிக்குத் திரும்ப வேண்டுமானால் பத்தேகாலுக்கு, எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்ப வேண்டும். 'இன்னும் கொஞ்சம்தான்' என்ற பேச்சுக்கு இடமில்லை. குளிக்கவும் சாப்பிடவும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்காமல் போட்ட திட்டம் திட்டமே அல்ல.

கூகுள் மேப்புல வழி காட்டுதே, வழிகாட்டி எதுக்கு?

மேப்பில் தெரியும் கோடு பல இடங்களில் பழைய தோட்டப் பாதை. பாதியில் புதர் மூடியிருக்கும். யானைத்தடம் மனிதர் போட்ட பாதையைவிட அகலமாக, அழகாக இருக்கும். நேராக அதில்தான் போவீர்கள். டவரும் கிடைக்காது. இந்த மலையின் பழங்குடிகளான காணி மக்களில் ஒருவர் கூட வந்தால் யானைச் சாணத்தின் ஈரத்தைப் பார்த்தே யானை போய் எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடுவார். அவர் 'இன்றைக்கு இதுக்கு மேல வேண்டாம்' என்றால் கேட்டுத் திரும்புங்கள், பேரம் பேசாதீர்கள்.

அப்போ ஆனை எதிர வந்தா என்ன செய்ய?

நில்லுங்கள், பேச்சை நிறுத்துங்கள், வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். பாதை அதற்குத்தான் சொந்தம் என்று விட்டுக்கொடுங்கள். போட்டோவுக்கு ஒரு நொடிகூட நிற்க வேண்டாம். துரத்தினால் பையைக் கீழே போட்டுவிட்டுப் பெரிய மரத்துக்கோ பாறைக்கோ பின்னால் மறையுங்கள். கரடி விஷயம் வேறு. திடுக்கிட்டால்தான் அது பாயும். ஆகவே பார்வை மறையும் வளைவுகளில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போவது நல்லது. பாட்டுப் பெட்டி எந்த மிருகத்துக்கும் ஆகாது.

பாம்பு கடிச்சா கயிறு கட்டணுமா?

கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. மோதிரம், கொலுசு, வாட்ச்சைக் கழற்றுங்கள், வீக்கம் ஏறினால் வராது. கடித்த கை காலைக் கம்பு வைத்து அசையாமல் கட்டி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிபட்டவர் நடக்கக்கூடாது. இரண்டு நீளக் கம்புகளை இரண்டு சட்டைகளின் கைகளுக்குள் நுழைத்துப் பொத்தானிட்டால் தூக்குக்கட்டில் தயார். டவர் கிடைத்ததும் 108. நாகர்கோவில் பக்கம் என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பாம்பை அடித்து எடுத்து வர வேண்டிய தேவையே இல்லை.

ராத்திரி டென்ட் போட்டுத் தங்கலாமா?

வனத்துறை அனுமதித்த இடத்தில், அவர்கள் ஏற்பாட்டில் மட்டும். மற்றபடி காட்டில் இரவு தங்குவது சட்டத்துக்கும் புறம்பு, யானைக்கும் இடைஞ்சல். முந்தின இரவு நாகர்கோவிலிலோ குலசேகரத்திலோ தங்கி விடியுமுன் கிளம்புங்கள்.

மகேந்திரகிரி உச்சிக்குப் போகணும்னு ஆசை. முடியுமா?

ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல் உயரம். அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், சுற்றிலும் காப்புக்காடு. நண்பர்கள் கூடி நினைத்தவுடன் ஏறுகிற மலை அல்ல அது. ஆரல்வாய்மொழி ரோட்டில் நின்று பார்த்தால் மேகம் இறங்கி ஏறுவது நன்றாகவே தெரியும்.

டவரும் இல்ல, பாட்டும் இல்ல, தீயும் இல்ல. பின்ன அங்க போயி என்னதான் செய்ய?

முதல் அரை மணி நேரம் கை பாக்கெட்டைத் தடவும். பிறகு காது திறக்கும். விடியலில் ஓடைப்பக்கம் யாரோ அலட்சியமாகச் சீட்டி அடிப்பதுபோல் கேட்டால், அது சீகாரப்பூங்குருவி. தலைக்கு மேல் பெருங்காற்று வீசும் சத்தம் நெருங்கி வந்தால் நிமிர்ந்து பாருங்கள், இருவாச்சி பறக்கிறது. கிளை குலுங்கினால் கருமந்தியோ மலையணிலோ. மாறாமலை, பாலமோர் பக்கம் பறிப்புக் காலத்தில் போனால் பாயில் காயும் கிராம்பின் வாசம் வளைவுக்கு முன்பே வந்துவிடும். பச்சையும் சிவப்புமாகப் பறித்த மொட்டு நாலைந்து வெயிலில் பழுப்பாகும்.

ஓடையில் காலைத் தொங்கப்போட்டு அசையாமல் இருந்தால் பொடிமீன்கள் வந்து கொத்தும். யார் கூசிக் கத்தாமல் அதிக நேரம் இருப்பது என்பது செலவில்லாத பந்தயம். பொதியைப் பிரித்து ஒருவர் கருவாட்டை இன்னொருவர் இலைக்குத் தள்ளுவது, அவர் சம்மந்தியை இவர் வழிப்பது, அப்புறம் துவர்த்தைத் தலைக்கு வைத்துப் பாறையில் கால் மணி நேரம் சாய்வது. வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

திரும்பி வந்து ஒரு வாரத்துல காய்ச்சல் வந்துச்சு. மலையேறின களைப்பா?

களைப்பில் கால் வலிக்கும், காய்ச்சல் வராது. இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 'காட்டுக்குப் போனேன், ஓடையில் இறங்கினேன், அட்டை கடித்தது' என்று நீங்களே சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் கால் வெடிப்பு வழியாகவும் ஏறும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் அதற்கு அடையாளம். உண்ணிக்காய்ச்சலில் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது என்பதால் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்த அன்றே சோப்புப் போட்டுக் குளித்து, துணிகளை வெந்நீரில் ஊறவைத்து, இந்த இடங்களைக் கண்ணாடியில் பார்த்துவிடுங்கள்.